ஒரு சுவர் தூரம்

"இருக்கறதுலயே கம்மி தூரம் எடுக்கற ரவுட்டர் எதுங்க பாய்?"

காந்திபுரத்தில் முப்பத்தோரு வருஷமாக வைஃபை பெட்டி விற்கும் ஹபிபுல்லா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தார். கடைக்கு வருகிறவர்கள் மொட்டை மாடிக்கு எட்டுமா, பாத்ரூமில் வருமா, பின்கட்டில் குடியிருக்கும் கொழுந்தனுக்கும் இதுவே போதுமா என்றுதான் கேட்பார்கள். எட்டக் கூடாது என்று கேட்டு வந்த முதல் ஆள் சாந்தாமணிதான்.

"கம்மியா? அம்மணி, எல்லாரும் ஜாஸ்தியில்ல கேப்பாங்க!"

"எனக்குக் கம்மிதானுங்க வேணும். ஒரு சுவத்தைத் தாண்டறதுக்கே அது திணறணும்."

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

சாந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "டிவி பாக்கறதுக்குங்க" என்றாள். வெட்கப்பட்டுச் சொன்ன பொய் அது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஹபிபுல்லா அந்தப் பெட்டியை விற்றிருக்கவே மாட்டார், கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

அவர் மூன்று பெட்டிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். வியாபாரம் ஆகிறதோ இல்லையோ, விளக்கம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இது ஆறாம் தரம். கிழவன். மெதுவாத்தான் போவான், ஆனா எங்கயும் போவான். ஊர் நோம்பியில பம்பை அடிச்சா மூணு தெரு தள்ளிக் கேக்குதில்ல? அது மாதிரி அலை. சுவரு, கதவு எதுவும் அவனுக்குக் கணக்கில்ல. இது எட்டு. வேகமும் நடுத்தரம், தூரமும் நடுத்தரம். இது பத்தாம் தரம், போன மாசம் வந்தது. வேகம்னா அப்படி ஒரு வேகம். ஆனா இது பம்பை இல்ல, ஜால்ரா. பக்கத்துல நின்னா காதைப் பொளக்கும். ஒரு சுவத்துக்கு அந்தாண்ட போனா பாதிதான் கேக்கும். மரக்கதவைச் சாத்துனா அதுவும் கொறையும்."

"அதையே குடுங்க."

"இருங்க, முழுசாக் கேளுங்க. தூரத்தை போன்லயே வெச்சுக்கலாம். ஒண்ணுல இருந்து பத்துவரைக்கும் படி இருக்கு. வேணுங்கறப்ப ஏத்தி எறக்கிக்கலாம்."

"ரெண்டு வருசத்துப் பழைய சாமானோட இது பேசுமுங்களா?"

"பேசும். தரம்ங்கறது ஒரு பாஷை, அவ்வளவுதான். புது பாஷைக்காரனுக்குப் பழைய பாஷையும் புரியும்." ஹபிபுல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டார், நல்ல சரக்கைப் பற்றிச் சொல்லும்போது அவர் அப்படித்தான். "இன்னொண்ணு. சிக்னல் அறுந்தா படம் நின்னு வட்டம் சுத்துமே, அந்தக் கருமாந்தரம் இதுல கெடையாது. நடுவுல விட்டுப்போனதை இதுவே நெரப்பிக்கும். வீட்ல இருக்கறவங்களுக்கு எது புடிக்குது, எது புடிக்கலன்னு பழகிக்கிட்டு அதுக்குத் தக்கன நெரப்பும். பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

கடைசியில் சொன்னது சாந்தாமணியின் காதில் பாதிதான் ஏறியது. ஒன்றிலிருந்து பத்துவரை படி என்பதிலேயே அவள் மனம் நின்றுவிட்டது.

*

அவளுடைய புருஷன் திருமூர்த்தி ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். வாயால் வாழ்ந்த மனிதர். கம்பெனியில் அவர் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் அதே நாக்குக்குக் கத்தி முனை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சாந்தாமணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தண்டம்' என்பதுதான் பேர். "தண்டம், தண்ணி கொண்டா." "தண்டம், சட்டைய எங்க வெச்ச?" குழந்தை இல்லை. யாரிடம் குறை என்று பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னபோது அவர் வரவில்லை. அதனால் குறை அவளிடம் என்று முடிவாயிற்று.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில், நூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, ரசம் ஊற்றிக்கொண்டு வந்தவளைக் காட்டி அவர் சொன்னார்: "இவளுக்குப் பெத்துப்போடவும் துப்பில்ல, ஆக்கிப்போடவும் துப்பில்ல." பந்தியே சிரித்தது. சாந்தாமணியும் சிரித்தாள், வேறென்ன செய்வது. அடுத்த அமாவாசைக்கு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனாள். மாசாணியம்மன் கோயிலில் நியாயம் கேட்கிறவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அவளும் கை எரிய எரிய அரைத்துப் பூசினாள். "அந்த நாக்கை நீயே பாத்துக்கோ தாயே" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து வருஷம் கழித்து அம்மன் பார்த்துக்கொண்டாளோ, ரத்தக்கொதிப்பு பார்த்துக்கொண்டதோ, திருமூர்த்தியின் மூளைத் தண்டில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கண்ணையும் இமையையும் தவிர உடம்பில் ஒன்றும் அசையவில்லை. உணர்ச்சி மட்டும் அப்படியே இருந்தது. கொசு கடித்தால் தெரியும், ஓட்ட முடியாது. அவருடைய மண்டைக்குள் ஒரு வில்லையை வைத்தார்கள். அவர் பேச நினைப்பதை அந்த வில்லை பிடித்து வைஃபை வழியாக வீட்டு ரவுட்டருக்கு அனுப்பும். ரவுட்டரோடு வயரில் கோத்த ஒலிபெருக்கி அதை அவருடைய சொந்தக் குரலிலேயே சொல்லும். பழைய போன் பேச்சுகளை வைத்து அந்தக் குரலைச் செய்திருந்தார்கள். உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்று கண்ணீரோடு காத்திருக்க, ஹால் அலமாரியிலிருந்து அந்தக் குரல் முதன்முதலாகப் பேசியது: "ஏய் தண்டம், ஃபேனைப் போடு."

கை போயிற்று, கால் போயிற்று, நாக்கு மட்டும் பெட்டி வழியாகத் திரும்பி வந்துவிட்டது. முன்பாவது அவர் வேலைக்குப் போகும் நேரம் வீடு ஓய்ந்திருக்கும். இப்போது இருபத்திநாலு மணி நேரமும் நடந்தது. அவர் படுத்திருந்தது ஹாலை அடுத்த அறையில், ஒரு சுவருக்கு அப்பால். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த ரவுட்டர் அந்தக் கிழவன் ஜாதி. வீட்டில் எந்த மூலையிலிருந்து பேசினாலும் எடுத்துக்கொடுத்துவிடும்.

சித்திரை மழையில் ஒரு நாள் இடி விழுந்து அந்தப் பெட்டி கருகிப் போனது. ஒன்பது நாள் வீட்டில் சத்தமில்லை. குக்கர் விசில் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று சாந்தாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டது செரித்தது. பத்தாம் நாள் மனசாட்சி உறுத்திக் கடைக்குக் கிளம்பினாள். வாங்காமல் விட்டால் பாவம். வாங்கி அணைத்து வைத்தாலும் பாவம். ஆனால் சிக்னல் எட்டவில்லை என்றால் அது பெட்டியின் குணம், அவள் என்ன செய்ய முடியும்? இப்படி ஒரு நியாயத்தைப் பஸ்ஸில் போகும்போதே பின்னி முடித்திருந்தாள்.

*

புதுப் பெட்டியை மாட்டிப் பத்தாவது படியில் வைத்ததும் குரல் வந்தது. "எங்க போயித் தொலைஞ்ச தண்டம்? ஒம்போது நாளு பொணமாட்டம் கெடக்கறேன். கொழுப்பா?"

சாந்தாமணி போனை எடுத்து எட்டாம் படிக்கு இறக்கினாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. அறைக்குப் போய்க் கட்டிலருகே நின்று சொன்னாள்: "மாமா, இனிமேட்டு நீங்க ஒவ்வொருக்கா என்னைய வையறப்பவும் ஒரு படி எறக்குவேனுங்க. நல்லாப் பேசுனீங்கன்னா அப்படியே வுட்டுருவேன்." திருமூர்த்தியின் கண் அவளையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு முன்பெல்லாம் அவள் குலை நடுங்கும். அன்றைக்கு நடுங்கவில்லை.

அவர் வைதார். ஏழு. மறுபடி வைதார். ஆறு. மாமியார் உயிரோடிருந்தபோது சொல்லுவாள், அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று. ஐந்தாம் படியில் வசவு பாதியாயிற்று. நாலாம் படியில் 'தண்டம்' நின்றது. இரண்டாம் மாசம் மூன்றாவது படியில் ஒரு மத்தியானம், அவள் கூழைக் கரைத்து அவர் வயிற்றுக் குழாயில் ஊற்றிவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தபோது, அலமாரியிலிருந்து குரல் கேட்டது.

"நீ சாப்டியா சாந்தா?"

பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டாயா என்று வேறு கேட்டிருந்தார். "இனிமேத்தானுங்க மாமா" என்றாள்.

அதற்கப்புறம் படி ஏறவே இல்லை. பேச்சு இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு ஏற்ற வேண்டும்? எப்போதாவது ஒரு சிணுங்கல் கேட்டால் இன்னொரு படி இறக்கினாள், உடனே சரியாகிவிடும். ஒன்றாம் படிக்கு வந்தபோது திருமூர்த்தி தங்கமான மனிதர் ஆகியிருந்தார். குரல் ஹாலில் வருவதால் அவள் ஹாலிலேயே ஒரு நாற்காலியை அலமாரிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவரைக்காய் அரிந்தபடி, துணி மடித்தபடி, அதோடு பேசினாள். இருபத்திரண்டு வருஷம் பேசாததை எல்லாம் பேசினாள். அந்தப் பந்தியில் அவர் சொன்னதையும், அன்றைக்குத் தான் சிரித்ததையும் சொன்னாள். குரல் பொறுமையாகக் கேட்டது. 'ம்' கொட்டியது. குளிப்பாட்டவும் குழாயில் கூழ் ஊற்றவும் மட்டும் அறைக்குள் போய் வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து காய் அரிய உட்கார்ந்தாள்.

"சாந்தா" என்றது குரல். "அந்தப் பந்தியில நாலு பேரு முன்னால உன்னைய அப்படிச் சொன்னேன் பாரு. அது தப்பு. என்னைய மன்னிச்சிரு."

அரிவாள்மனையைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். திருமூர்த்தியின் இரண்டு கண்ணிலும் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. மனம் திருந்தி அழுகிறார் என்று அவளுக்குப் பொங்கிவிட்டது. "அழுகாதீங்க மாமா, அதையெல்லாம் நானு எப்பவோ மறந்துட்டேன்" என்று பொய் சொல்லித் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

அம்மன் மிளகாயை ஏற்றுக்கொண்டாள், நாக்கைக் கழுவி அனுப்பிவிட்டாள்: இதில் சாந்தாமணிக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. நியாயம் கிடைத்தவர்கள் திரும்பப் போய் அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் செய்து குளிர்விக்க வேண்டும். அடுத்த அமாவாசைக்குப் போய்ச் செய்தாள். சாமி கொடுத்ததை ரவுட்டர் கடைக்காரரிடமா விசாரிப்பார்கள்? அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நாத்தனார் சரோஜினி அவினாசியிலிருந்து பார்க்க வந்தாள். அண்ணனை அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹாலில் அலமாரி முன்னால் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினாள். பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். "நங்கை, எங்கண்ணனா இது! என்ன ஒரு பதவிசு. மூஞ்சியும் நல்லாப் பூசுனாப்ல ஆயிருச்சு. மனசு நல்லா இருந்தா ஒடம்புல தெரியும் பாருங்க." சாந்தாமணி பெருமையோடு காப்பி கலந்து கொடுத்தாள். முகம் ஒரு பக்கம்தான் பூசியிருந்தது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

*

ஆவணியில் காய்ச்சல் வந்தது. கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கி மின்னியது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"கீழ்த்தாடையில பின்பல்லு ரெண்டு அழுகி, சீழ் எலும்புக்குள்ள எறங்கியிருக்கு. பல்லை எடுத்துட்டோம். எலும்புலயும் கொஞ்சம் எடுக்க வேண்டியதாப் போச்சு. பொழைச்சுக்குவாரு. ஆனா குறைஞ்சது மூணு மாச நோவும்மா இது. நாங்களா இருந்தா சுவத்துல முட்டிக்குவோம். இவருக்குப் பேச்சு வில்லை இருக்கே, சொல்லவே இல்லையா?"

"ஒரு நாளும் சொல்லலீங்களே" என்றாள் சாந்தாமணி. "எப்பக் கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாருங்க."

"வில்லையைச் சோதிச்சிட்டோம், கோளாறு இல்ல. வீட்டுப் பெட்டியை யாரையாவது விட்டுப் பாருங்க."

சாந்தாமணி போன் செய்ய, ஹபிபுல்லா மறுநாளே வீட்டுக்கு வந்தார். அலமாரியில் ரவுட்டரைப் பார்த்தார், அதிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் வயரைப் பார்த்தார், சுவருக்கு அப்பால் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"டிவிக்குன்னு சொன்னீங்களே அம்மணி."

சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் பெட்டியின் பதிவைத் திறந்தார். ரொம்ப நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இங்க பாருங்க. இடது பக்கம் இருக்கறது வில்லையில இருந்து வந்தது. வலது பக்கம் இருக்கறது பெட்டி வெளியே சொன்னது. பத்தாம் படியில ரெண்டும் ஒண்ணா இருக்குது. நீங்க எறக்க எறக்க வர்றது அறுந்து அறுந்து வருது. அறுந்த எடத்தை இது நெரப்பியிருக்கு. எந்த வார்த்தைக்கு நீங்க போனை எடுத்து எறக்கறீங்களோ அந்த வார்த்தையை விட்டுருச்சு. எதுக்கு நீங்க சிரிச்சுப் பேசுனீங்களோ அதையே திரும்பத் திரும்பப் போட்டுருச்சு. பெட்டிக்குள்ள மைக்கும் இருக்கு, நீங்க பேசுனதை எல்லாமும் கேட்டுப் பழகியிருக்கு."

"ஒண்ணாம் படியில?"

"ஒண்ணாம் படியில நூத்துக்குத் தொண்ணூறு இதும்பட சொந்தப் பேச்சுதான்."

"அந்த வெள்ளிக்கிழமை பாருங்க பாய். ஆடி ரெண்டாம் வெள்ளி. சாயங்காலம், வெளக்கு வெச்சதுக்கப்பறம்."

அவர் பார்த்தார். படிக்க மனம் வராமல் போனை அவளிடமே கொடுத்தார். வலது பக்கம் 'அந்தப் பந்தியில நாலு பேரு முன்னால' என்று அழகாக, முழுசாக இருந்தது. இடது பக்கம் துண்டு துண்டாக இருந்தது. பல்லு. சாந்தா. பல்லு. பாரு. சாந்தா. ஆராவது. பல்லு.

அதற்கு மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். வலி, பல்லு, சாந்தா. பகலும் அதுதான், ராத்திரியும் அதுதான். சரோஜினி பதவிசு என்று மெச்சிய அந்த முக்கால் மணி நேரத்திலும் இடது பக்கம் அதேதான் இருந்தது.

"ஒரு வார்த்தைகூட அவரு சொன்னது இல்லீங்களா?" என்று கேட்டாள்.

ஹபிபுல்லா யோசித்தார். பொய் சொல்லலாமா என்றும் யோசித்திருப்பார். "உங்க பேரு" என்றார். "சாந்தாங்கறது மட்டும் அவரு சொன்னது."

இருபத்திரண்டு வருஷம் வராத பேர், பல்வலியில் வந்திருக்கிறது. சாந்தாமணி தரையில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், திருமூர்த்தி செத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஹபிபுல்லா மறுநாள் ஒரு ஆறாம் தரப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "கிழவன்தான், ஆனா வந்ததை வந்தபடி சொல்லுவான். சொந்தமா ஒரு எழுத்துச் சேக்கமாட்டான். அவரு வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்க, நானே வந்து மாட்டித் தர்றேன். நான் வர்றவரைக்கும் இந்தப் பத்தாம் தரத்தையே பத்தாம் படியில வெச்சு, நெரப்பறதை அணைச்சிருங்க. இந்தாங்க, இந்தப் பொத்தான்." வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "எது பேசுனாலும் கேளுங்க அம்மணி. பேச்சுங்கறது மனுசனுக்கு மூச்சு."

*

இருபத்தாறு நாள் கழித்துத் திருமூர்த்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். ஒரு பக்கத் தாடை ஒட்டிப்போய் முகம் கோணியிருந்தது. வந்தவர்கள் போனதும் சாந்தாமணி நிரப்புகிற பொத்தானை அணைத்தாள். படியைப் பத்துக்கு ஏற்றினாள். அறைக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து கட்டிலருகே மண்டியிட்டாள்.

"மாமா, பேசுங்க. இனி நீங்க சொல்றதுதான் வரும்."

ஹாலில் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி கெட்டுப்போயிற்றோ என்று அவள் எழுந்திருக்கப் போனபோது குரல் வந்தது.

"கத்துனேன்."

"மாமா..."

"மூணு மாசம் கத்துனேன். எட்டடி தூரத்துல உக்காந்து நீ அவரைக்கா அரிஞ்சிட்டிருந்த. பெட்டி சொன்னதுக்குச் சிரிச்ச. அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டுது."

"எனக்குத் தெரியாதுங்க மாமா. மாசாணியம்மா சத்தியமாத் தெரியாது. அந்தப் பெட்டி..."

"பெட்டிய எறக்குனது ஆரு?"

"நாந்தானுங்க."

"நானு செத்திருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தப் பொட்டிகூடவே குடும்பம் நடத்தியிருப்ப."

அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, தப்புத்தான், தப்புத்தான் என்று எத்தனை தடவை சொன்னாளோ. அந்தக் கண் இரண்டும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தண்டம்" என்றது குரல். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, ரொம்ப நாள் சேர்த்து வைத்திருந்தது போல வந்தது. "பெத்துப்போடவும் துப்பில்ல. ஆக்கிப்போடவும் துப்பில்ல. நோவு பாக்கவும் துப்பில்ல."

சாந்தாமணியின் கை அவர் காலை விட்டது. "அதை மட்டும் சொல்லாதீங்க மாமா. வேற எப்படி வேணும்னாலும் வைங்க. அதை மட்டும் வேண்டாம்."

"சொல்லுவேன். தினமும் சொல்லுவேன். உசுரு இருக்கறவரைக்கும் சொல்லுவேன். எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

சொன்னபடியே செய்தார். அன்று முழுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அவள் குளிப்பாட்டும்போது சொன்னார், குழாயில் கூழ் ஊற்றும்போது சொன்னார். நலம் விசாரிக்கப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தபோது, அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார். அந்த அம்மாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அந்தப் பந்தி திரும்பவும் கூடிவிட்டது. இந்தத் தடவை இலை எடுக்கவே மாட்டார்கள் போலிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் சாந்தாமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள்.

"மாமா, இப்ப ஒடம்புல எங்காச்சும் வலிக்குதுங்களா? நெசத்தைச் சொல்லுங்க."

"இல்ல" என்றது குரல். "வலி இல்ல. எதுக்குக் கேக்கற?"

அவள் நின்று யோசித்தாள். பல்லை எடுத்தாயிற்று. எலும்பையும் எடுத்தாயிற்று. வலி இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். வலி இல்லாத மனிதருக்குச் சொல்லியே ஆக வேண்டியது என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது.

அவள் விரல் போனில் நகர்வதைத் திருமூர்த்தி பார்த்துவிட்டார். "ஏய். வேண்டாம். ஏய், இங்க பாரு. திட்டலை. இனித் திட்டமாட்டேன். சாந்..."

பத்து, ஏழு, நாலு, ஒன்று. நிரப்புகிற பொத்தானைப் பச்சையாக்கினாள்.

ஹாலில் அதே குரல், அவருடைய சொந்தக் குரல், கனிவாகப் பேசியது. "உன்மேல எந்தத் தப்பும் இல்ல சாந்தா. நீ எதுக்கு வெசனப்படற? நீ இல்லீன்னா என்னைய ஆரு பாப்பாங்க?"

கட்டிலில் கிடந்தவரின் கண்கள் விரிந்து பிதுங்கின. இமை படபடவென்று அடித்துக்கொண்டது. ஓரத்தில் நீர் திரண்டு உடைந்து காதுக்குள் இறங்கியது. சாந்தாமணி குனிந்து தலைப்பால் இதமாகத் துடைத்துவிட்டாள்.

"வாரேனுங்க மாமா" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து, அறையின் மரக்கதவைச் சாத்தினாள். சாத்தினால் இன்னும் கொஞ்சம் குறையும் என்று பாய் அன்றைக்கே சொல்லியிருந்தார். மேஜைமேல் இருந்த ஆறாம் தரப் பெட்டியை எடுத்து, அட்டையோடு பரண்மேல் வைத்தாள். அலமாரிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரைக்காய் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாந்தா" என்றது பெட்டி.

அந்தப் பேரை உள்ளே இருந்து அவர் கூப்பிட்டாரா, பெட்டியே போட்டுக்கொண்டதா என்று போனைத் திறந்தால் இடது பக்கத்தில் தெரிந்துவிடும். அவள் திறக்கவில்லை.

"நீ சாப்டியா சாந்தா?"

"இனிமேத்தானுங்க மாமா" என்றாள்.